குடில் புத்தகத்தில் ஒரு புதன்கிழமை

கல்லறை அலுவலகத்தின் கடிதம் வெள்ளிக்கிழமைவரை நேரம் கொடுத்திருந்தது. இறந்த ஆறு மாதத்துக்குள் எரியூட்டிய சாம்பலை ஓரிடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது நார்வேயின் சட்டம். என் மனைவி சில்யேவை எங்கே சேர்ப்பது என்று நான் இன்னும் பதில் போடவில்லை. அவளும் சொல்லிவிட்டுப் போகவில்லை. முப்பத்தொரு வயதில் யார் சொல்வார்கள்.

இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, ஆஸ்லோவின் வட எல்லையில், காட்டோரக் கல்லறைத் தோட்டம். ஞாயிறுதோறும் நாங்கள் மலைக்குடிலுக்கு ஏறும் பாதை அதன் மதிலை ஒட்டித்தான் தொடங்குகிறது. மற்றது ஃபியோர்டு, நகரத்துக்குள் நீண்டு வரும் கடல். அங்கே தூவ அதிகாரியின் அனுமதி வேண்டும். அது வந்துவிட்டிருந்தது. ஏன் விண்ணப்பித்தேன் என்று நினைவில்லை. ஜனவரியில் கையில் கிடைத்த படிவங்களை எல்லாம் நிரப்பினேன். நீரில் தூவினால் கல் கிடையாது, பெயர் கிடையாது.

மாமனார் ஹல்வர் கல் வேண்டும் என்றார். நானும் மலையடி என்றுதான் நினைத்திருந்தேன். நான்கு வருடம் தவறாமல் ஏறிய மலை அவளுக்குப் பிடித்த இடமாகத்தானே இருக்கும். ஆனாலும் கையெழுத்துப் போட முடியவில்லை. அவள் சொன்னதாக ஒரு வரி வேண்டியிருந்தது. அவள் கையால் எழுதிய வரிகள் இருப்பது குடில் புத்தகத்தில். ஏறி வருகிறவர்கள் எல்லோரும் தேதி, வானிலை, தின்றது என்று அதில் எதையாவது எழுதிவிட்டுத்தான் இறங்குவார்கள்.

ஞாயிறன்று ஹல்வரும் வந்தார். முப்பது வருடம் டிராம் ஓட்டியவர். முழங்கால் சரியில்லை.

"மெதுவாப் போ, ஐவின். நான் தண்டவாளத்துல போயே பழகினவன்."

"உட்காருவோமா?"

"உட்கார்ந்தா எந்திரிக்க மாட்டேன். நட."

குடிலில் வாஃபிள் வாசனை. கல்லாவில் இருந்த பெண்ணுக்கு என்னைத் தெரியும்.

"ரொம்ப நாளாச்சே. ரெண்டு வாஃபிள், பழுப்புச் சீஸ் வச்சு? ஆமை எங்க, பின்னால வருதா?"

"இல்லம்மா. வரல" என்றார் ஹல்வர்.

சில்யேவுக்கு அந்தப் பெயரை வைத்தது நான். குடிலே அதைக் கற்றுக்கொண்டிருந்தது.

போன வருடப் புத்தகம் அடுப்புக்கு மேலே அலமாரியில் இருந்தது. அக்டோபரில் தொடங்கினேன். முதலில் என் கையெழுத்து. "மழை. சில்யே கடைசி. மூச்சு வாங்குகிறதாம். இன்னும் நடந்தால் சரியாகும்."

எங்களுக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. தலைவலியா, நட. தூக்கம் வரவில்லையா, நட. செத்த வீட்டுக்காரனிடமும் அதையேதான் சொன்னார்கள்.

இரண்டு பக்கம் தள்ளி, அவள் எழுத்து. ஒரு புதன்கிழமை.

"வெயில். விடுப்புப் போட்டுவிட்டுத் தனியாக வந்தேன். ஐவின் இல்லாமல், என் வேகத்தில். மூன்று மணி நேரம். பதினோரு இடத்தில் உட்கார்ந்தேன். ஆகவே இது சோம்பல் இல்லை. ஞாயிறு மேலே வந்ததும் அவனிடம் சொல்லிவிடுவேன்."

அதே பக்கத்தின் அடியில், நான்கு நாள் கழித்து, நான்.

"அருமையான வெயில். நான் ஒரு மணி இருபது நிமிடம். ஆமை இரண்டு மணி ஐம்பது. அபராதமாக ஆமையின் வாஃபிளும் எனக்கே. குடிலே சிரித்தது."

சிரித்தவர்களில் அவளும் இருந்தாள். அன்று எதுவும் சொல்லவில்லை. இதயத் தசை தளர்ந்து ஒரு வருடமாவது ஆகியிருக்கும் என்று ஜனவரியில், அவள் போன பிறகு, மருத்துவர் சொன்னார். முன்பே தெரிந்திருந்தால் மாத்திரைகள் இருக்கின்றன என்றார்.

ஹல்வர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"என்கிட்ட சொன்னா. மாடிப்படி ஏற முடியலைப்பான்னு. நான் சோம்பேறியை வளர்க்கலைன்னு சொன்னேன்."

வாஃபிள் ஆறிப்போனது. யாரும் தொடவில்லை. அன்று நாங்கள் புத்தகத்தில் எதுவும் எழுதவில்லை.

பாதி இறக்கத்தில் அவர் நின்றார்.

"அவளுக்குப் பிடிச்ச இடம்தானே தேடுற. யோசிச்சுப் பாரு. நகர மண்டபத்துக்கு முன்னாடி படகுல விக்கிற இறால். வாங்கி, துறையில காலைத் தொங்கப்போட்டு உரிச்சுத் தின்னுக்கிட்டே இருப்பா. அப்புறம் தீவுக்குப் போற படகு. ஓபரா அரங்கோட சரிவுக் கூரை மேல ஊரே ஏறும், இவ கீழ தண்ணிகிட்டயே இருந்துக்குவா."

"தெரியும்."

"எல்லாம் உட்கார்ற இடம், ஐவின்."

கடைசி வருடம் ஞாயிறு காலைகளில் அவள் "இன்னைக்குத் தீவுக்குப் போலாமா?" என்று கேட்பாள். "மலைக்குப் போயிட்டு வந்து போலாம்" என்பேன். வந்ததும் அவள் தூங்கிவிடுவாள்.

"அப்ப கல்லு?" என்றேன்.

"இந்தப் பாதை ஓரத்துலயா? வாராவாரம் ஊரே அவளைத் தாண்டி நடந்து போகும். வேண்டாம்."

வியாழக்கிழமை ஒரு படகு எடுத்தோம். துறையிலிருந்து படகுக்குப் பன்னிரண்டு அடி, சமதளம். சாம்பல் கலசம் நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஹல்வர் ஒரு கிலோ இறாலும் வெள்ளை ரொட்டியும் எலுமிச்சையும் வாங்கி வந்திருந்தார். தீவுகளைக் கடந்து, அனுமதியில் குறித்திருந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்தினார்.

சாம்பல் உடனே மூழ்கவில்லை. படகோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு இல்லை.

ஹல்வர் இறாலை உரித்து ரொட்டியில் அடுக்கி என்னிடம் நீட்டினார். "சாப்பிடு." வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கடலும் அவள் கேட்டதல்ல. அவள் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அவர் எழுந்து இயந்திரத்திடம் போனார்.

"கொஞ்சம் உட்கார்ந்திருப்போம்" என்றேன்.

உட்கார்ந்தார். மடியில் இறால் காய்ந்துகொண்டிருந்தது. படகு எங்கேயும் போகவில்லை.