கேராவுக்கு ஒரு ஜன்னல்

பசை இன்னும் சூடாக இருந்தது. மின்ச்சோ வாளியை நடைபாதையில் இறக்கி வைத்து, அகலத் தூரிகையால் அடிவரை ஒரு கலக்குக் கலக்கினார். கோதுமை மாவைக் கரைத்து வீட்டு அடுப்பிலேயே காய்ச்சிய பசை. மார்ச் மாதம் பிறந்தும் யாம்போல் நகரில் குளிர் விடவில்லை. ரயிலடித் தெருவில் முதல் பேருந்து போய், இரண்டாவது வரும் நேரம்.

"கட்டி தட்டியிருக்கு," என்றாள் சோன்கா, வாளிக்குள் எட்டிப் பார்த்து. "நாப்பத்தி ரெண்டு வருஷமா குடும்பம் நடத்துறீரு. ஒரு கூழ் காய்ச்சத் தெரியல."

"தெரிஞ்சிருந்தா உன்னை எதுக்குடி கட்டியிருப்பேன்?"

"ஆமா, என்னைக் கட்டித்தான் இந்த வாளியத் தூக்குற யோகம் வந்துது உமக்கு. புடியும் அந்த ஓரத்த."

இருவரும் சுவரொட்டியை விரித்துப் பிடித்தார்கள். கடைக்கு வரப்போகும் புதுத் தயிருக்கான விளம்பரம். பீச் பழம் போட்ட தயிர். படத்தில் பல் வரிசை பளபளக்க ஒரு பெண், கரண்டி நிறையத் தயிரை எடுத்து யாருக்கோ ஊட்டுவதுபோல் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். கீழே பெரிய எழுத்தில், 'ஒரு கரண்டி போதாது!'

"தயிர்ல பழத்தப் போட்டா அது தயிரா?" என்றார் மின்ச்சோ. "நாளைக்குச் சாராயத்துல ஜாம் கலப்பானுங்க."

"அதையும் நாமதான் ஒட்டுவோம். வாய மூடிக்கிட்டுப் புடியும்."

சோன்காவுக்கு அந்தத் தயிர் இனித்தாலென்ன, புளித்தாலென்ன. அவளுக்கு வேண்டியது ஏழு மாதம். பின்னலாடை ஆலையில் பதினான்கு வருஷம் ஐந்து மாதம் வேலை பார்த்தவள். ஆலையை மூடிய பிறகு வயல், சமையல்கட்டு, மாடிப்படி கழுவுவது என்று என்னென்னவோ செய்தாள். எதுவும் வேலைப் பதிவு ஏட்டில் ஏறவில்லை. பென்ஷனுக்குப் பதினைந்து வருஷம் பதிவு வேண்டும். பென்ஷன் வயதான அறுபத்தேழு அவளுக்கு அடுத்த வருஷம் முடிகிறது. இந்த விளம்பர நிறுவனத்திலும் மூன்று வருஷமாகக் கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு போவதுதான். அதிகாரி பிளமென் போன வாரம்தான் மனம் இறங்கினான். "அக்கா, இந்தத் தயிர் நல்லபடியா வெளியாகட்டும். ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதித் தரேன். முறையா, முத்திரையோட." அன்றிரவு சோன்காவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பன்னிரண்டு மாதத்தில் ஏழைக் கழித்தால் ஐந்து மிச்சம் என்று நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

பிளமென் கெட்டவனில்லை. முப்பது வயது, சிரித்த முகம், சர்க்கரைப் பேச்சு. அவர்கள் வேலையில் சேர்ந்த அன்றே இருவரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினான். "விளம்பரம்னா மூணே விஷயம். முகம் வேணும், எழுத்து பெருசா இருக்கணும், கண் மட்டத்துல இருக்கணும். மனுசன் நடக்குறப்போ தன்னால கண்ணு போகணும்." மின்ச்சோ அதை வேதவாக்காக மனதில் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தலைநகரிலிருந்து தயிர்க்காரர்கள் வருகிறார்கள். ரயிலடியிலிருந்து பேரங்காடி வரை நடந்து பார்ப்பார்கள். அந்தத் தெருவில் நூற்றியிருபது இடம். எல்லாம் பிளமென் பட்டியல் போட்டுக் கொடுத்ததுதான்.

பேருந்து நிறுத்தச் சுவருக்கு வந்ததும் சோன்காவின் கை நின்றுவிட்டது. ஒட்டவேண்டிய இடத்தில், சரியாகக் கண் மட்டத்தில், ஒரு அஞ்சலித் தாள். மேலே கறுப்புச் சிலுவை, நடுவில் படம், படத்துக்குக் கீழே பெயர். கேரா. ஆலையில் சோன்காவுக்குப் பக்கத்து இயந்திரக்காரி. காதில் அதே பெரிய வளையம். இறந்து ஒன்பது நாள்.

"கடவுள் மன்னிக்கட்டும்," என்றார் மின்ச்சோ, செத்தவர்களுக்குச் சொல்லும் வழக்கப்படி, தொப்பியைக் கழற்றி. பிறகு போட்டுக்கொண்டார். அஞ்சலித் தாளைக் கடக்கும்போதெல்லாம் அவர் கை தலைக்குப் போகும். பனிக்காலம் முடியும்போது இந்தத் தெருவில் நடந்தால் தொப்பியைப் போட நேரமே இருக்காது.

"இது மேல ஒட்டச் சொல்றான்," என்றாள் சோன்கா.

"யாரு?"

"பிளமென்தான். நேத்தே கேட்டேன். தம்பி, அங்க எல்லாம் செத்தவங்க தாள் இருக்கேன்னேன். 'செத்தவங்க தயிர் வாங்க மாட்டாங்க அக்கா, மேலயே ஒட்டுங்க'ன்னான்."

"அவன் அம்மா தாள் மேல ஒட்டுவானாமா?"

இந்த ஊரில் அஞ்சலித் தாளை யாரும் கிழிக்க மாட்டார்கள். அதன்மேல் எதையும் ஒட்ட மாட்டார்கள். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருஷம் என்று வீட்டார் புதுத் தாள் போடுவார்கள். பழையதை வெயிலும் மழையும்தான் எடுத்துப் போக வேண்டும். அடுத்தடுத்த கம்பங்களையும் சுவர்களையும் சோன்கா பார்த்தாள். தாள் இல்லாத இடமே இல்லை.

அவள் இடுப்புப் பையிலிருந்து கத்தியை எடுத்தாள். சுவரொட்டியைக் கேராமேல் பிடித்து, உள்ளங்கையால் தடவி விளிம்பைக் கண்டுபிடித்து, நான்கு இழுப்பில் நடுவில் ஒரு சதுரம் வெட்டி எடுத்தாள். ஆலையில் துணி வெட்டிய கை. ஒரு நூல் பிசகவில்லை. பிறகு கேராவைச் சுற்றிப் பசை தடவி ஒட்டினார்கள்.

பின்னால் நகர்ந்து பார்த்த மின்ச்சோ வாய்விட்டுச் சிரித்தார். "அடியே, இங்க வந்து பாரு!"

பல் வரிசைக்காரி நீட்டிய கரண்டி, ஜன்னலுக்குள் கேராவின் வாய்க்கு நேராகப் போய் நின்றது.

"நல்லதுதான்," என்றாள் சோன்கா. "மதியச் சாப்பாட்டுக்கு ஒரு கிண்ணம் தயிரத்தான் கொண்டு வருவா. அதுலயும் பாதிய எனக்குத் தருவா. இப்ப அவ சாப்புடட்டும்."

அன்று மாலைக்குள் நூற்றியிருபது ஜன்னல் வெட்டினார்கள்.

மறுநாள் பிளமென் கைப்பேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அக்கா, நான் உங்ககிட்ட நூத்தியிருபது போஸ்டர் குடுத்தேன். நீங்க நூத்தியிருபது ஓட்டை குடுத்திருக்கீங்க."

"ஓட்டை இல்ல தம்பி. அங்க ஆள் இருக்காங்க."

"நாளைக்கு அவங்க வராங்க! தயிர் விளம்பரத்துக்கு நடுவுல பொணத்த வெச்சிருக்கீங்க! இதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"பொணம்னு சொல்லாத," என்றார் மின்ச்சோ. அதுவரை கதவருகே நின்றுகொண்டிருந்தவர். "பேரு இருக்கு. கீழ எழுதியிருக்கு, படிச்சுப் பாரு."

பிளமென் அவரை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு மெதுவாகவே சொன்னான். "சரி மாமா. நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம். காலேஜ் பசங்க ரெண்டு பேர் இருக்காங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மின்ச்சோதான் காலி வாளியை ஆட்டிக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார். "விடு. ஏழு மாசந்தானே? நான் போய் மந்திரிகிட்ட கேக்குறேன். 'ஐயா, என் பொண்டாட்டி ஒரு ஏழு மாசத்த எங்கயோ தொலைச்சுட்டா, பாத்தீங்களா'ன்னு." அவள் சிரிக்கவில்லை.

ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகப் பேருந்துக்கு வந்த கேராவின் மகள் சுவருக்கு முன்னால் நின்று அழுதாள். அழுதுவிட்டுப் படமெடுத்தாள். 'அம்மாவின் முகத்தை மறைக்காமல் இடம் விட்டு ஒட்டிய புண்ணியவான் யாரோ, அவர் கை நன்றாக இருக்கட்டும். அம்மாவுக்குத் தயிர் என்றால் உயிர்' என்று எழுதி வலையில் போட்டாள். செத்தவர் பெயரால் பத்துப் பேருக்குத் தின்னக் கொடுப்பது இந்த மண்ணின் வழக்கம். எவனோ தயிர்க்காரன் ஊரிலுள்ள எல்லாச் செத்தவருக்கும் ஒரு கரண்டி நீட்டியிருக்கிறான் என்று ஊர் பேசியது. மத்தியானத்துக்குள் ஆளுக்கு ஆள் தங்கள் வீட்டு ஜன்னலைத் தேடிப் போய்ப் படம் எடுத்தார்கள். பக்கத்துப் பெரிய ஊரான பர்காஸிலிருந்து தொலைக்காட்சி வண்டி வந்தது. திங்கட்கிழமை பேரங்காடியில் பீச் தயிர் இருந்த அலமாரி காலி. கல்லறைக்குக் கொண்டுபோகக்கூட வாங்கினார்களாம்.

தொலைக்காட்சியில் பிளமென் பேசினான். நீலச் சட்டை போட்டிருந்தான். "எங்க நிறுவனத்துக்கு மரியாதைதான் முதல் விஷயம். வியாபாரம் அப்புறந்தான்."

"அட நரிப்பயலே!" என்று மின்ச்சோ கரண்டியைத் தட்டில் போட்டார்.

சோன்காவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "திட்டாதேயும். நல்லதுதானே ஆச்சு? இப்பக் குடுத்துருவான். குடுக்காம எங்க போவான்?"

மறுநாள் திருவிழாவுக்கு உடுத்தும் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, வேலைப் பதிவு ஏட்டைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு, அவள் தனியாகவே அலுவலகத்துக்குப் போனாள். பிளமென் எழுந்து வந்து கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். காபி வரவழைத்தான்.

"அக்கா, கோபத்துல ஏதோ சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க எங்கம்மா மாதிரி."

"அத விடு தம்பி. அந்த ஒப்பந்தம்..."

"அதான் சொல்ல வரேன்." அவன் ஒரு புதுச் சுவரொட்டியை மேசையில் விரித்தான். அதே பல் வரிசை, அதே கரண்டி. நடுவில் சுத்தமாக ஒரு ஜன்னல். "இனிமே அச்சகத்துலயே மெஷின் வெட்டிக் குடுத்துரும். கத்தி வேணாம், கைப்பழக்கம் வேணாம். பசங்க ஸ்கூட்டர்ல போய் ஒரே நாள்ல ஒட்டிட்டு வந்துடுவாங்க. நாடு முழுக்கப் போகுது அக்கா!"

ஜன்னலுக்குக் கீழே சின்ன எழுத்தில் 'கருத்தும் வடிவமும்' என்று போட்டு, பிளமெனின் முழுப்பெயர் இருந்தது. சோன்கா வெட்டு விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். நேராகத்தான் இருந்தது.

"ஏழு மாசம் போதும் தம்பி. வருஷம்கூட வேணாம்."

"அடுத்த சீசன்ல பாக்கலாம். வாயத் தொறந்து கேட்டுட்டீங்க, மறக்க மாட்டேன்." வெளியே வரும்போது ஒரு பெட்டி தயிரைத் தூக்கி அவள் கையில் கொடுத்தான். கனமாக இருக்கும் என்று கதவு வரை அவனே சுமந்தும் வந்தான்.

வீட்டில் மின்ச்சோ ஒரு கிண்ணத்தைத் திறந்து நக்கிப் பார்த்தார்.

"எப்படி?"

"ஜலதோஷத்துக்குக் குடுக்குற மருந்து மாதிரி இருக்கு." அவள் முகத்தைப் பார்த்தார். கிண்ணத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் அவள் அழுதாள். அவர் பசை காய்ந்த கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். "சரி, சரி. எழுந்திரு. ஊருக்கெல்லாம் விளம்பரம் ஒட்டுனோம். நமக்கு நாமளே ஒண்ணு ஒட்டிக்கிட்டா என்ன?"

இருவருமாகச் சமையலறை மேசையில் உட்கார்ந்து தயாரித்தார்கள். பிளமென் நடத்திய பாடம் மின்ச்சோவுக்கு ஒரு வரி மறக்கவில்லை.

"முகம் வேணும். மொகத்தப் பாத்தாத்தான் ஆளு நம்புவான்." நாற்பதாம் கல்யாண நாளில் எடுத்த படத்தைத் தாளின் தலைமாட்டில் ஒட்டினார்.

"சிரிக்காம இருக்கீரே இதுல."

"புதுச் செருப்பு கடிச்சுது. பேரப் பெருசா எழுது."

கறுப்புப் பேனாவால் சோன்கா எழுதினாள். சோன்கா, மின்ச்சோ. கீழே, சுவரொட்டி ஒட்டுவோம், வெள்ளையடிப்போம், மாடிப்படி கழுவுவோம். யோசித்துவிட்டு, 'முறையான ஒப்பந்தத்துடன்' என்று சேர்த்து அடிக்கோடு போட்டாள். அடியில் தொலைபேசி எண்ணை எட்டு முறை எழுதி, கிழித்துக்கொண்டு போக வசதியாக இடையிடையே கத்தரித்து விட்டாள்.

மறுநாள் அதை ஒட்டப் போனபோது, பேரங்காடி வாசலில் புதுச் சுவரொட்டிகள் வரிசையாக நின்றன. கல்லூரிப் பையன்கள் அஞ்சலித் தாள் இருக்கும் இடம், இல்லாத இடம் பார்க்காமல் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஜன்னல்கள் பல காலியாகவே கிடந்தன. இது யாருக்காகக் காத்திருக்கிறதோ என்று ஜனங்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் வேகமாக நடந்தார்கள். மற்றபடி சுவரில் கையகல இடமில்லை.

"இங்கயா?" என்றார் மின்ச்சோ. ஜன்னலைப் பார்த்து, கெட்டது அண்டாமல் இருக்க மூன்று தரம் துப்புவதுபோல் பாவனை செய்தார்.

"வேற எங்க இருக்கு? கண் மட்டத்துல இருக்கணும்னு நீர்தானே சொல்லுவீரு. பசைய எடும்."

அவள் ஒட்டி, தூரிகையால் நாலு மூலையையும் நீவிவிட்டாள். தாள் ஜன்னலில் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. கரண்டி இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றது. பார்த்ததும் மின்ச்சோவுக்குச் சிரிப்பு முட்டியது. சோன்காவும் அந்த வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்.

அங்காடியிலிருந்து பூண்டுத் தழை எட்டிப் பார்க்கும் பையோடு ஒரு கிழவர் வந்தார். கண்ணாடி போட்டிருக்கவில்லை. ஜன்னலுக்கு முன்னால் நின்று கண்ணை இடுக்கி, படத்தையும் பெயர்களையும் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றி, நெஞ்சில் சிலுவை போட்டார்.

"ரெண்டு பேரும் ஒண்ணாவே போயிட்டாங்களா, பாவம்," என்றார் பக்கத்தில் நின்றவரிடம். "கடவுள் மன்னிக்கட்டும்."

"கடவுள் மன்னிக்கட்டும்," என்றார் மின்ச்சோ. பழக்க தோஷத்தில் அவர் கையும் தலைக்குப் போய்த் தொப்பியைக் கழற்றியது.