வெதுவெதுப்பான கை

1

இந்தக் கதைக்குக் காரணம் கீழ்வீட்டு அக்கா ஒருநாள் துணி உலர்த்தியபடியே கேட்ட கேள்விதான். “கை சூடா இருந்தா நல்லதுன்னுதானே தம்பி யாரா இருந்தாலும் நெனைப்போம்?”

அவர் கணவர் வெல்டர். வருடக்கணக்காகப் புகை குடித்த நுரையீரல். வீட்டிலேயே ஆக்சிஜன் இயந்திரம். விரல்கள் எப்போதும் சில்லிட்டு, நகங்கள் நீலம் பாரித்துக் கிடக்கும். அக்கா அவற்றைத் தேய்த்துக்கொண்டே தொலைக்காட்சி பார்ப்பார்.

அது நடந்த அன்று மதியம் வானம் இருண்டு மழை

(இந்த வரியை அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.)

2

வெல்டருக்குச் சளி பிடித்திருந்தது. மூச்சு இரைத்தது. அக்காவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. இயந்திரத்தில் ஆக்சிஜன் அளவைக் கூட்டும் திருகைத் திருப்பி வைத்தார். கொஞ்ச நேரத்தில் இரைப்பு அடங்கியது. முகம் சிவந்தது. விரல்கள் வெதுவெதுப்பாயின. அவர் அசந்து தூங்கினார். வெகுநாளுக்குப் பிறகு அக்கா ஆறாத சோற்றைச் சாப்பிட்டார்.

(கதையை இங்கேயே முடித்திருப்பேன். கை சூடானது, மனம் குளிர்ந்தது என்று ஒரு வரி போட்டால் போதும். ஆனால் உடம்பு அப்படி எழுதவில்லை. ஆக்சிஜன் குறைந்தால் உடல் கைகால்களின் இரத்தக் குழாய்களை இறுக்கப் பார்க்கும். இரத்தத்தில் கரியமிலவாயு ஏறினால் அதே குழாய்கள் விரியும். கை சூடாகும், நாடி துள்ளும், மூளை மயங்கும். இவரைப் போன்ற சிலருக்கு ஆக்சிஜன் அளவு மீறினால் கரியமிலவாயு ஏறிவிடும். இறுகுவதும் நெகிழ்வதும் உள்ளே எப்போதும் இழுபறிதான்.)

3

அப்போது நாத்தனார் வந்தார். வெல்டரின் தங்கை, நர்ஸ். அண்ணிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

“என் அண்ணனைக் கொல்லத்தான்” என்று நாத்தனார் சீறி

(இதையும் அடித்துவிட்டேன். சண்டை எழுதுவது எனக்குச் சுலபம், அவ்வளவுதான். நடந்தது வேறு.)

“நல்லா தூங்குறார், எழுப்பாதே” என்றார் அக்கா.

நாத்தனார் அண்ணன் கையைத் தொட்டார். தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் கண் திறந்து, யாரென்று தெரியாதவர்போலப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னபோது, மணிக்கட்டு நிற்காமல் படபடத்தது.

“அண்ணி, திருகைக் கூட்டினீங்களா?”

“மூச்சு வாங்கினாரே.”

நாத்தனார் டாக்டர் சொன்ன அளவுக்குத் திருகைக் குறைத்தார். அண்ணனை நிமிர்த்தி உட்கார வைத்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

மருத்துவமனையில், முகத்தோடு இறுகிய முகமூடி வழியாக ஓர் இயந்திரம் அவர் மூச்சுக்குத் துணைநின்றது. வெளியே பெஞ்சில் அக்கா மெல்லச் சொன்னார்: “நான்தானே திருப்பினேன்.”

“கட்டின புருஷன் மூச்சு முட்டினா யாரா இருந்தாலும் திருப்பத்தான் செய்வாங்க, அண்ணி. கூட்டக் கூடாதுன்னு நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். உங்ககூடப் பேசாம இருந்ததுல அதுவும் விட்டுப்போச்சு.”

(இங்கே அக்கா அழுததாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு, “நான் எங்கே அழுதேன்? அவ மடியில தலைவெச்சுத் தூங்கிட்டேன்” என்றார்.)

4

வெல்டர் இறந்துபோகும் முடிவு ஒன்றும் என்னிடம் இருந்தது. “சாவு வேணும்னா வேற வீட்டைப் பாரு தம்பி” என்று அக்கா தாளைத் திருப்பித் தந்தார்.

வெல்டர் வீடு திரும்பிவிட்டார். தினமும் கொஞ்சம் நடக்க வேண்டுமாம். இன்று காலை வாசலில் பேச்சுக் கேட்டது.

“தெருமுனை வரைக்கும் போதும்” என்றார் நாத்தனார்.

“பூங்கா வரைக்கும் போவார். எனக்குத் தெரியாதா?” என்றார் அக்கா.

“ரெண்டு பேரும் பேசி முடிங்க, நான் போயிட்டு வந்துடறேன்” என்றார் வெல்டர்.

கேட் திறக்கும் சத்தம். நான் மாடியில் இந்த வரியில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள், கொஞ்சம் எட்டிப் பாருங்கள். எதுவரை போகிறார்?