கதையில் திட்டியவள்

மனைவி இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மகள் உள்ளறையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். வேலை முடிந்து வீடு திரும்பிய குழாய்க்காரர் குழாய் முடுக்கும் ரிஞ்சைத் தரையில் போட்டுவிட்டுக் கதவைத் தள்ளினார். கல்லூரிப் பாடம் ஒரு பக்கம் கிடக்க, அவள் கையில் கதைப் புத்தகம். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பெத்தவ செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. எவனோ அளந்த புளுகுக்குப் பல்லைக் காட்டுறியா?”

“இதுல ஒருத்தி வர்றாப்பா. புருஷனைத் திட்டுறது அப்படியே அம்மா மாதிரி. நீங்களே கேளுங்க.”

எழுதுகிறவன் எவனையும் அவர் நம்பியதில்லை. ஆனாலும் நின்றார். மகள் படித்தாள்.

“வாசல்ல வாளி நிறையத் தண்ணி வெச்சிருக்கேன், கண்ணு தெரியலையா? காலைக் கழுவிவிட ஆள் அனுப்பணுமா மகாராஜாவுக்கு?”

அவர் குனிந்து தன் கால் சேற்றைப் பார்த்தார்.

“உங்கம்மா இப்படி இழுக்கமாட்டா. நறுக்குன்னு சொல்லுவா.”

“மகாராஜான்னு சொல்லுவாங்கல்ல?”

“அதைச் சொல்லுவா.” அப்படியே தரையில் உட்கார்ந்தார். “எங்க, இன்னொரு தடவை படி.”

படித்தாள். இருவருமே சிரித்துவிட்டார்கள்.

“மேல படி.”

மகள் புத்தகத்தை மூடினாள். “அவ்வளவுதாம்பா.”

“யாரை ஏமாத்துற? இன்னும் பாதிப் புத்தகம் இருக்கே.”

“முழுசாப் படிச்சுட்டேன்பா. இதுக்கப்புறம் அவ வரமாட்டா.” அவள் குரல் உடைந்தது. “அதான் இதையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.”

அவர் கை நீட்டி, மூடிய புத்தகத்தை அவள் மடியிலேயே திறந்து வைத்தார்.

“சரி,” என்றார். “அவ மொதமொத வர்ற எடத்துலேர்ந்து படி. மெதுவாப் படி.”