பெரிய ஹோல்

இரஞ்சிதம் அன்ரியின் வாயை அடைக்கவேண்டும். தாட்சாயினி இரண்டு வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தது அதற்காகத்தான். இலட்சியம் கிலட்சியம் எல்லாம் சும்மா.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த வாரம், கேரம் டவுன்ஸ் கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு நின்ற அன்ரி, "எந்த யூனி பிள்ளை?" என்று கேட்டாள்.

"யூனி கிடைக்கேல்ல அன்ரி. டேஃப் தொழிற்கல்லூரியில டிப்ளோமா செய்யப்போறன்."

"ஐயோ பாவம்! எங்கட மகன் சுகிர்தனுக்குப் பெரிய யூனியே கிடைச்சிட்டுது. எல்லாருக்கும் படிப்பு ஏறுமே?"

வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள், பாவி. தட்டோடு நின்ற அம்மா கல்யாணியின் முகம் செத்துப்போனது. அன்றோடு அம்மா கோயில் பக்கமே போகவில்லை.

இந்த வருடம் அதே பெரிய பல்கலைக்கழகம் டிப்ளோமாவைக் கணக்கில் எடுத்து, தாட்சாயினியை நேரே இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொண்டது. முதல் வாரமே, வளாகத்துக்கு எதிரேயிருந்த பபிள் டீக் கடையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றான் சுகிர்தன்.

"நீ தேர்ட் இயர் எல்லே? வகுப்பில்லையே?"

அவன் முகம் வெளிறியது. "முதல் வருசமே விட்டிட்டன். அம்மாவுக்குத் தெரியாது. ப்ளீஸ், சொல்லிப்போடாதை."

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. சத்தியமாகக் குளிர்ந்தது.

"நான் வாயே திறக்கமாட்டன்," என்றாள். நல்ல பிள்ளை என்று நினைத்து, காசு வாங்காமல் டீ கொடுத்தான் மடையன்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவை இழுக்காத குறையாகக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். அன்ரி அதே வாளியோடு நின்றாள்.

"அன்ரி, நான் சுகிர்தன்ர யூனிக்கு மாறிட்டன். நேர செக்கன்ட் இயர்."

அகப்பை ஒரு கணம் நின்றது. ஆனால் அன்ரியா விடுவாள்?

"நல்லது பிள்ளை. எங்கட ஆள் இந்த வருசம் முடிக்கிறான். டிசம்பர்ல பெரிய பார்ட்டி. கல்யாண மண்டபம் மாதிரி ஹோல் ஒண்டு பாத்துக்கொண்டிருக்கிறம்."

ஒரே ஒரு வார்த்தை போதும், இங்கேயே கதை முடிந்துவிடும். அது தாட்சாயினியின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். இந்த வரிசையில் இருபது பேர்கூட இல்லை. இருபது பேர் எந்த மூலைக்குக் காணும்? வந்த வார்த்தையை விழுங்கினாள்.

"சின்ன ஹோல் காணாது அன்ரி. பெரிசாப் பிடியுங்கோ. கோயில் சனம் ஒருத்தரையும் விடாமல் கூப்பிடுங்கோ."

"ஓம் ஓம், அப்பிடித்தான் செய்யப்போறன்!" அன்ரி பூரித்துப்போய் இன்னொரு அகப்பை சாம்பார் ஊற்றினாள்.

"முன் கதிரை ரெண்டு எங்களுக்கு வையுங்கோ," என்றாள் தாட்சாயினி. "அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாறன்."