மதியத்துக்குப் பிறகு ஒரு மூடி தேன்

தடதடவென்று ஏதோ மரப்படிகளில் உருண்டு இறங்கியது. விகாரை முற்றத்தில் கொசு மருந்து தெளித்துக்கொண்டிருந்த லம்துவன் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பிச்சைப் பாத்திரம்! மேலே, குடில் வாசலில், மூத்த பிட்சு கம்ஃபன் தூணைப் பிடித்தபடி சரிந்திருந்தார். காவியுடை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

நோங் சிம் கிராமத்தின் சுகாதாரத் தொண்டர் அவள். அந்த வியர்வை என்னவென்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. சர்க்கரை நோய்க்காரரான அவருக்கு ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துகொண்டிருக்கிறது. புரிந்து என்ன செய்ய? பெண்ணின் கை பிட்சு மேல் படக்கூடாது. மற்ற பிட்சுகளோ பக்கத்து ஊர்ச் சாவு வீட்டுக்கு ஓதப் போயிருந்தார்கள்.

"சாமி, நான் யாரு? சொல்லுங்க!"

"நீ... மழையா?"

சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டாள். வண்டி வர இருபது நிமிடமாகும் என்றார்கள்.

பெண்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ள பிட்சுகள் விரிக்கும் துணி வாசலிலேயே கிடந்தது. தன் பையிலிருந்த சர்க்கரை மீட்டரையும் ஊசியையும் அதன்மேல் வைத்துத் தள்ளினாள்.

"விரல்ல குத்துங்க. ஐயோ, துணியில இல்ல, விரல்ல!"

ஊசி இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை ஒரு சொட்டு ரத்தம் வந்தது. மீட்டர் நாற்பத்திரண்டு என்றது.

ஓடிப்போய் மடப்பள்ளியிலிருந்து தேன் பாட்டிலை எடுத்து வந்து, மூடி நிறைய ஊற்றித் துணியில் வைத்தாள்.

"மணி ரெண்டாச்சு. பன்னெண்டுக்கு மேல பிட்சு சாப்பிடக் கூடாது" என்றார் குழறலாக.

"தேன் சாப்பாடு இல்ல சாமி, மருந்து. சீக்கு வந்தா எப்பவும் குடிக்கலாம்னு நீங்கதானே பிரசங்கம் பண்ணீங்க?"

அவர் கண் செருகியது. லம்துவன் குரலை உயர்த்தினாள்.

"மயங்கி விழுந்தீங்கன்னா, இந்த ரெண்டு கையாலயும் உங்களைத் தூக்கிடுவேன்! அப்புறம் ஊரே சிரிக்கும். எப்படி வசதி?"

பிட்சு பதறிப்போய் மூடியை எடுத்துக் குடித்தார். பாதி தாடையில் வழிந்தது. இன்னொரு மூடி. அப்புறம் இன்னொன்று.

கால் மணி நேரம் அவள் கடிகாரத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த சொட்டு எழுபத்தெட்டு காட்டியது. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது.

"எத்தனை மாத்திரை போட்டீங்க?"

"ரெண்டு. காலையில இனிப்பு தின்னுட்டேன். மீட்டர் ஏகமாக் காட்டுச்சு. அதைச் சரிக்கட்ட ஒண்ணு கூட..."

"சரிக்கட்டவா? இதென்ன தராசா? ஏறின சர்க்கரை தானா இறங்கிடும். அந்த ரெண்டாவது மாத்திரை ராத்திரி வரைக்கும் இழுத்துக்கிட்டே இருக்கும். வண்டியில ஏறித்தான் ஆகணும், சொல்லிட்டேன்."

அவர் தலையாட்டினார்.

"பிச்சையில விழுந்ததை எல்லாம் தின்னே ஆகணுமா? பாதியைப் பூனைக்குத்தானே போடுவீங்க?"

"இதைப் போட மனசு வரல."

"எவ கொடுத்தா? பேரைச் சொல்லுங்க. அவ வாசல்ல போய் நின்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கலேன்னா நான் லம்துவன் இல்ல."

"வேண்டாம்மா, விடு."

"சொல்லுங்க சாமி!"

தெருமுனையில் வண்டியின் ஹாரன் கேட்டது. பிட்சு அவளைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

"உன் மகதான்மா. 'அப்பா சாகிற வரைக்கும் ஆசையாக் கேட்டும் சர்க்கரை நோய்னு அம்மா ஒரு துண்டு இனிப்பு கொடுக்கல, நீங்க தின்னாத்தான் அவருக்குப் போய்ச் சேரும்'னு அழுதா."