அடிவாரத்தில் பனி இல்லை

ராமநாதபுரம் ஜில்லாவில் பிறந்தவன் மழைக்கு ஏங்குவான், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. நான் பனிக்கு ஏங்கினேன். அதுவும் ஆஸ்திரியாவில் பெய்ய வேண்டிய பனிக்கு. துபாயில் ஏசியைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறவனுக்கு அங்கே பனி பெய்தால் என்ன, பெய்யாவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். என் லீவு அந்தப் பனியில்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

என் முதலாளியை அர்பாப் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வருஷம் தவறாமல் குளிர்கால விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஆல்ப்ஸ் மலையில் ஓர் ஊருக்குப் போவார். பிள்ளைகள் காலில் கட்டையை மாட்டிக்கொண்டு பனியில் சறுக்குவார்கள். வீடு காலியானால் டிரைவருக்கு என்ன வேலை? 2006 டிசம்பரில் லீவு என் முறை. நாங்கள் கிளம்பினால் நீயும் ஊருக்குக் கிளம்பு என்று அர்பாப் இந்தியில் சொல்லியிருந்தார்.

நான் துபாய்க்கு வரும்போது கனகா மாசமாக இருந்தாள். மகள் விஜிக்கு இப்போது ரெண்டு வயசு தாண்டிவிட்டது. போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். நான் வந்த பிறகுதான் காது குத்துவது என்று கனகா ஒற்றைக் காலில் நின்றாள். மடியில் வைத்துக்கொள்ள மாமன் தயார், ஆசாரி தயார், அப்பனைத்தான் காணோம் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்களாம்.

அந்த வருஷம் பார்த்து மலை கையை விரித்துவிட்டது. பனி பெய்யாவிட்டால் அர்பாப் கிளம்ப மாட்டார்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு தினமும் தேரா பஜாரில் இருந்த டிராவல்ஸ் ஆபீசுக்குப் போவேன். அங்கே டிக்கெட் போடும் மீராசா கீழக்கரைக்காரன். கம்ப்யூட்டரில் அந்த மலையூரின் பனி நிலவரத்தைத் திறந்து எனக்குத் தமிழில் வாசிப்பான்.

"உச்சியில முப்பது சென்டிமீட்டர். அடிவாரத்துல பனி இல்ல. சறுக்குறவுகள மேல ஏத்துற லிஃப்ட்டு ரெண்டுதான் ஓடுது, மாப்ள."

"நாளைக்கு?"

"வெயிலு."

"அதுக்கு மறுநா?"

"அதுவும் வெயிலுதான். நான் என்ன வச்சுக்கிட்டா இல்லைங்கிறேன்?"

எங்கள் ஊரில் காய்கிற வெயிலைக்கூட நான் அப்படி வெறுத்ததில்லை.

அர்பாப் வண்டியில் ஏறியதும் கேட்பார். "வைரவன், தல்ஜ்?" அரபியில் பனிக்கு அதுதான் பெயர். "மாஃபி தல்ஜ், அர்பாப்" என்று இழவு சொல்லுகிற குரலில் சொல்வேன். இல்லை என்பதோடு விடமாட்டேன். உச்சியில் இவ்வளவு, நடுவில் இவ்வளவு, காற்று திரும்பினால் கட்டாயம் பெய்யும் என்று நம்பிக்கையையும் சேர்த்து ஊட்டுவேன். அவர் மனசு மாறிவிடக் கூடாதே. சரிவுகளில் மெஷின் வைத்துப் பனி தயாரிக்கிறார்கள் என்று ஒருநாள் சொன்னதற்கு அவர் சிரித்தார். மெஷின் பனிக்கு அவ்வளவு தூரம் எதற்கு, இங்கே ஷாப்பிங் மாலிலேயே பனிச்சறுக்கு இருக்கிறதே என்றார். அன்று சாயங்காலமே பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகவும் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் சிரித்துச் சிரித்துச் சறுக்கினார்கள். இதிலேயே திருப்தி வந்துவிட்டால் என் கதி என்ன?

எல்லாவற்றையும் போனில் கனகாவிடம் கொட்டுவேன்.

"அங்க பனி பேயணும்னு அய்யனாருக்கு நேந்திருக்கேன்" என்றாள்.

"அவருக்கு ஆஸ்திரியா எங்க இருக்குன்னு தெரியுமா?"

"உங்களத் தெரியுமுல்ல. அது போதும். விஜிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், பனி வந்தா அப்பா வருவாருன்னு. எந்திரிச்சதும் அதத்தான் கேக்குறா."

விடுமுறை நெருங்கியது. ஒருநாள் காலையில் அர்பாப் பீரோவைத் திறந்து குடும்பத்துப் பாஸ்போர்ட்டுகளோடு என்னுடையதையும் எடுத்து ஆபீஸ் ஆளிடம் கொடுத்தார். டிரைவரின் பாஸ்போர்ட் பீரோவை விட்டு வெளியே வந்தால் லீவு என்று அர்த்தம். வளைகுடாவில் வேலை பார்க்கிற எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே கனகாவுக்குச் சொல்லிவிட்டேன். அவள் தை பிறந்ததும் காதுகுத்து என்று நாள் குறித்து, கறிக்கு ஆடுகூடப் பார்த்துவிட்டாள்.

அந்த வாரமே மீராசா என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"காத்து வடக்க திரும்பிருச்சு மாப்ள. நாளையிலருந்து பனி. அடிவாரம் வரைக்கும் பேயுமாம்."

அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. அர்பாபிடம் ஓடிப்போய் "ஃபீ தல்ஜ்" என்றேன். இருக்கிறது என்று சொல்ல அத்தனை நாளாகக் காத்திருந்த வாய். அவரும் டிக்கெட் போடச் சொல்லிவிட்டார்.

மறுநாள் டிக்கெட் வாங்கப் போனபோது மீராசாவின் முகம் சரியில்லை.

"இதுல உன் பேரும் இருக்கு" என்றான்.

"இருக்கணும்ல. சென்னைக்கா, திருச்சிக்கா?"

அவன் டிக்கெட்டை என் பக்கம் திருப்பி வைத்தான். "அவுகளோடதான், மாப்ள. ஐரோப்பாவுக்கு. உன் பாஸ்போர்ட்டு விசாவுக்குப் போயிருக்கு."

டிக்கெட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அர்பாப் என் தோளில் தட்டினார். உன்னைப் போல என் வீட்டில் யாரும் பனிக்காகத் தவித்ததில்லை, வா, வந்து கண்ணாலேயே பார், லீவு எங்கே போகிறது, அடுத்த வருஷம் போய்க்கொள் என்றார். பரிசு கொடுக்கிறவரின் முகம் அது. அவர் கெட்டவர் இல்லை. தினமும் அவர் முன்னால் நான் பனி பனி என்று உருகியது நிஜம். எதற்காக உருகினேன் என்று சொல்லவேயில்லை. என் மகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல எனக்குத் தெரிந்த இந்தியே போதும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு வாய் எழவில்லை. பாஸ்போர்ட்டும் அவர் பிடியில்தான் இருந்தது.

கனகாவிடம் சொல்லத் தைரியம் வராமலே விமானம் ஏறினேன்.

அந்த மலையூரில் முழங்கால் வரை பனி. அர்பாபின் பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளின் சறுக்குக் கட்டைகளைச் சுமந்து நின்றேன். அழகாகத்தான் இருந்தது. பார்க்கப் பார்க்க எரிச்சலாகவும் இருந்தது. லிஃப்ட் பக்கத்துப் பலகையில் அடிவாரத்தில் எண்பது சென்டிமீட்டர் என்று போட்டிருந்ததை நானாகவே வாசித்தேன். அர்பாப் வந்து தன் செல்போனை நீட்டினார். வீட்டுக்குப் பேசு, உன் பனியைப் பற்றிச் சொல்லு என்றார்.

மணி அடித்தது. எடுத்தது விஜி.

"அப்பா, பனி வந்துருச்சா?"

காலடியில் பார்த்தேன். பூட்ஸ் புதைந்து கிடந்தது.

"இன்னும் வரல தாயி."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு உள்ளே பார்த்துச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, இன்னும் பனி வரலையாம்."