நண்பகல் மணி பதினொன்று நாற்பத்து மூன்று

இடக்கை விரலால் விசையைத் தட்டிய அதே நொடியில் வலக்கைக் கட்டைவிரலால் ஸ்டாப்வாட்சை அமுக்கினார் உச்சிகோஷி. திரையில் குடியிருப்புச் சான்றிதழ் மேலிருந்து கீழாக மெல்ல விரிந்தது. கடைசி வரி வந்ததும் மறுபடி ஓர் அமுக்கு. "மூணு புள்ளி ஒன்பது" என்று தனக்கே சொல்லிக்கொண்டு தாளில் பென்சிலால் குறித்தார். நிமிடத்துக்கு ஒன்றாக இது ஐம்பத்தொன்பதாவது. மினோகாவா நகராட்சியின் பழைய கோப்பறையில் எண்ணெய் ஹீட்டர் ஒன்று இருந்தது. அதன் சூடு அவருடைய இடது முழங்கால்வரைதான் வந்தது.

இரண்டடி தள்ளி உட்கார்ந்து, பொய்யான கூட்டத்தை ஓட்டிக்கொண்டிருந்தான் நோசுயே. நகராட்சியில் மக்கள் சான்றிதழ் வாங்கும் எல்லாச் சாளரங்களிலும் ஒரே நேரத்தில் ஆட்கள் வந்து நிற்பதுபோல நடிக்கும் நிரல் அது. பாரத்தைக் கொடுத்துப் பார்த்து, தாங்குகிறது என்று எழுதிக் கொடுப்பது அவன் வேலை. தாங்குகிறதா என்று பார்ப்பதும் அதில் அடக்கம்.

திட்டத்துக்கு 'ஒரே கூரை' என்று பெயர். நிலவறையில் இருந்த நாற்பத்திரண்டு பழைய சர்வர்களைத் தூக்கி எறிந்துவிட்டு, அவற்றின் நிழல்களை மட்டும் நான்கு பெரிய சர்வர்களுக்குள் குடியமர்த்துவது. நாற்பத்திரண்டு குடும்பங்களை நான்கு வீடுகளில் ஏற்றி, ஒவ்வொரு குடும்பத்திடமும் வீடு முழுக்க உங்களுக்குத்தான் என்று சொல்வது போன்ற ஏற்பாடு. எல்லோரும் ஒரே நேரத்தில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் இந்தத் தொழிலின் அஸ்திவாரம்.

பெரிய சர்வர் எத்தனை பெட்டி வேண்டும் என்று போன வருடம் கணக்குப் போட்டவன் நோசுயேதான். அப்போது ஆறு வந்தது. ஒப்பந்தம் எடுத்த பெரிய கம்பெனியின் பிரிவுத் தலைவர் முனேகாதா தாளைத் தூரத்தில் வைத்துப் பார்த்து, "ஆறுங்கறதுல ஒரு தீர்மானம் இல்ல" என்றார். போட்டிக் கம்பெனியும் ஆறுதான் சொல்லியிருந்தது. ஒரே நேரத்தில் அடுப்பு பற்றவைப்போர் எழுபது சதவீதம் என்றிருந்த கட்டத்தில் நோசுயே நாற்பத்தைந்து என்று மாற்றினான். நான்கு வந்தது. முனேகாதா அதைத் தொலைநோக்கு என்று பாராட்டி, கூட்டத்தில் வெள்ளிநிறக் குச்சியால் சுட்டிக் காட்டினார்.

நோசுயேயின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் முனேகாதாவின் கம்பெனிப் பெயர் இருந்தது. அவன் நீட்டும் பெயரட்டை அதற்குக் கீழே உள்ள கம்பெனியுடையது. சம்பளம் போடுவது அதற்கும் கீழே, ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பல் ஆஸ்பத்திரியின் மாடியில் இருந்த மூன்றாவது கம்பெனி. அது அவனை இந்த வேலைக்கு அறுபது சதவீதமும், பக்கத்து ஊர் வங்கி ஒன்றுக்கு அறுபது சதவீதமும் விற்றிருந்தது. நாற்பத்தாறு வயது. "இது நல்லபடியா முடியட்டும், ஏப்ரல்லேர்ந்து நீங்க நேரடியா நம்ம ஆளு" என்று முனேகாதா ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நோசுயே அவருடைய ஹாஸ்யங்களுக்கு முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கியிருந்தான்.

சாளரப் பிரிவின் இவாசே அம்மையார் மட்டும் ஒரு கூட்டத்தில் கையைத் தூக்கியிருக்காவிட்டால் ஸ்டாப்வாட்சே வந்திருக்காது. "சாளரத்துல நிக்கிற பாட்டிக்கு உங்க வரைபடமெல்லாம் தெரியாது. மனுஷக் கையால அளந்து காட்டுங்க. மூணு நொடிக்கு மேல போச்சுன்னா அங்க உக்கார்ற என் பொண்ணுங்கதான் திட்டு வாங்குறாங்க" என்றார். அதற்காக ஆள் அனுப்பும் கம்பெனி வழியாக, தங்கிக்கொள்ள ஓர் அறையோடு, உச்சிகோஷி வந்தார். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி. லென்ஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம். இலையுதிர் காலத்தில் அந்த லைனை மூடியபோது, அதுவரை பின்னால் நின்று அவரை அளந்துகொண்டிருந்த மேற்பார்வையாளர், வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், ஸ்டாப்வாட்சைக் கொடுத்து அனுப்பினாராம்.

மூன்று நாட்களாகப் பெட்டியின் பதிவேடு இரண்டு புள்ளி எட்டு என்றது. உச்சிகோஷி மூன்று புள்ளி ஒன்பது என்றார். வயதான கை என்று நோசுயே நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

வெளியே நகராட்சி ஒலிபெருக்கியில் நண்பகல் மெட்டு வழிந்தது. உச்சிகோஷி பென்சிலை வைத்துவிட்டு, பையிலிருந்து சோற்று உருண்டையை எடுத்தார். பிறகு திரையின் மூலையைக் குனிந்து பார்த்தார்.

"நோசுயே சான், இந்த டப்பாவுக்கு இன்னும் பசிக்கலையாம்."

"என்ன?"

"மணி பதினொண்ணு நாப்பத்து மூணுங்குது. பதினோரு மணிக்கு ஆரம்பிக்கும்போது நீங்கதானே ஒண்ணா வச்சீங்க? நேத்தும் இப்படித்தான். சொன்னா நீங்க சிரிப்பீங்களோன்னு விட்டுட்டேன்."

நோசுயே சிரிக்கவில்லை. அவன் கையில் இருந்த டின் காபி ஆறிப்போனது. நிழல் சர்வருக்குச் சொந்தமாக நேரம் கிடையாது. பெரிய சர்வர் அவ்வப்போது தட்டித்தட்டிக் கொடுக்கும் துடிப்பைத்தான் அது எண்ணும். நெரிசல் கூடினால் சில துடிப்புகள் வந்து சேராது. வராததை அது எண்ணுவதுமில்லை. தனக்கு ஒரு மணி நேரத்தில் பதினேழு நிமிடம் குறைந்தது அதற்குத் தெரியவும் தெரியாது. அதன் கடிகாரத்தால் அதையே அளந்தால் எல்லாமே சுறுசுறுப்பாகத்தான் தெரியும். வெளிக் கடிகாரத்தோடு அதைச் சரிபார்க்கும் வசதி ஒன்று உண்டு. வரைபடத்தில் பல்லுப்பல்லாகத் தெரிகிறது, அசிங்கமாயிருக்கிறது என்று முனேகாதா அதைப் பகல் நேரத்தில் நிறுத்தி வைத்திருந்தார்.

மூன்று புள்ளி ஒன்பதுதான் உண்மை. ஆறு பெட்டி என்பதும்.

மூன்று மணிக்கு முனேகாதா வந்தார். நோசுயே எழுந்து நின்று சொன்னான். பாதி வாக்கியங்களை முடிக்காமல் விட்டான்.

"பெட்டி என்ன சொல்லுது?" என்றார் முனேகாதா.

"ரெண்டு புள்ளி எட்டு, சார். ஆனா அதோட கடிகாரம்..."

"ஒப்பந்தத்துல என்ன போட்டிருக்கு? அமைப்பு பதிவு செய்யும் நேரம். அமைப்புன்னா எது? ஸ்டாப்வாட்ச் பிடிக்கிற அந்த அம்மாவா?"

"இல்ல சார்."

"இன்னும் ரெண்டு பெட்டி வேணும்னு நான் மேல போய் நிக்கட்டுமா? யாரு கணக்குப் போட்டதுன்னு கேப்பாங்க." முனேகாதா குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்டப் பாசமாக, "கோப்புல உங்க பேருதானே இருக்கு, நோசுயே சான்?" என்றார்.

"ஆமா சார்."

"அப்பறம் என்ன. ரெண்டு அளவும் பொருந்தலன்னா, பொருந்தாததுக்கு ஒரு காரணமும், திரும்ப நடக்காம இருக்க ஒரு வழியும் எழுதணும். அவ்வளவுதான். படிவம் இருக்கு."

படிவம் இருந்தது. காரணம் எழுத மூன்று வரிக் கட்டம், தடுப்பு வழிக்கு இரண்டு வரிக் கட்டம். எவ்வளவு பெரிய பொய்யும் ஐந்து வரிக்குள் அடங்கும்படி யாரோ யோசித்து வரைந்திருந்தார்கள். நோசுயே நான்கில் முடித்தான். கீழே, கையெழுத்துக்குப் பதிலாக, அளவிட்டவரின் பெயர் முத்திரை வேண்டும்.

மறுநாள் காலை உச்சிகோஷி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி நிதானமாகப் படித்தார். 'காரணம்: அளவிட்டவரின் வயது காரணமாக விரல் இயக்கத்தில் தாமதம். தடுப்பு: அளவிடும் முறையை மாற்றுதல், அளவிட்டவரை நீக்குதல்.'

"என் கையப் பத்தியா எழுதியிருக்கு?"

"முறைக்காக எழுதறதுதான், உச்சிகோஷி சான்."

"ஒண்ணு புள்ளி ஒண்ணு நொடி." அவர் வலக்கைக் கட்டைவிரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். "லென்ஸ் கம்பெனியில நாலு நொடிக்கு ஒரு துண்டு. கால் நொடி பிந்தினாலே லைன் நின்னுரும். இருபத்திரண்டு வருஷத்துல என் இடத்துல ஒரே ஒரு தடவ நின்னுச்சு. அது பூகம்பம்."

நோசுயே சிவப்பு மைப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினான்.

"மணி பின்தங்குற விஷயம் இதுல காணோமே."

"அது... வேற அறிக்கையில வரும்."

எந்த அறிக்கை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் இன்னொரு பெயரைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தை அவனுக்கு அவர் வைக்கவில்லை. சின்னத் துணிப்பையிலிருந்து முத்திரையை எடுத்து, அதன்மேல் ஊதி, சிவப்பு மையில் தொட்டு அழுத்தினார்.

"கோணலா விழுந்துருச்சு பாருங்க. விரல் தாமதம்."

நோசுயே சிரித்துவிட்டான். முனேகாதாவிடம் பழகிய அதே சிரிப்பு. வாய் தானாகத் திறந்துகொண்டது. உச்சிகோஷி சிரிக்கவில்லை.

"அறைச் சாவிய எப்பக் குடுக்கணும்?"

"மார்ச் கடைசி."

"அப்ப தங்கச்சி வீட்டுக்குத்தான் போகணும். அவ புருஷனுக்கு என் இருமல் சத்தம் பிடிக்காது." தாளை இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினார். "நீங்க நல்லா வரணும் நோசுயே சான். ஏப்ரல்ல நிரந்தரமாமே. இவாசே அம்மா சொன்னாங்க."

இரண்டாவது சோதனை பிப்ரவரி கடைசியில், இவாசே அம்மையார் முன்னிலையில் நடந்தது. மனிதக் கையின் பிழையை முற்றிலும் அகற்றும் நவீன முறை என்று முனேகாதா அறிமுகம் செய்தார். முறை எளிமையானது: ஸ்டாப்வாட்சுக்குப் பதிலாகத் திரை மூலையில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவது. பெட்டியின் பதிவேடு இரண்டு புள்ளி எட்டு என்றது. பெட்டியின் கடிகாரமும் இரண்டு புள்ளி எட்டு என்றது. இரண்டும் ஒரு முடி பிசகாமல் பொருந்தியதைக் கண்டு எல்லோரும் கைதட்டினார்கள்.

இவாசே அம்மையார் மட்டும், "எனக்கு என்னவோ மெதுவாத்தான் தெரியுது" என்றார்.

"உணர்வுக்கும் அளவுக்கும் வித்தியாசம் உண்டு, மேடம்" என்றார் முனேகாதா. நோசுயே அந்த வாக்கியத்தைக் கூட்டக் குறிப்பில் பதிந்தான்.

ஏப்ரல் முதல் வாரம் ஊரே வீடு மாறும் வாரம். தொழிற்சாலை விடுதிகளைக் காலி செய்தவர்கள் அந்த வருடம் கூடுதல். நகராட்சிக் கூடத்தின் நாற்காலிகள் நிரம்பி, படிக்கட்டுவரை நின்றார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அடுப்பு பற்றவைத்திருந்தார்கள். இரவில் சரிசெய்யப்படும் பெட்டியின் நேரம், காலை பத்தரைக்கே அரை மணியும் மாலைக்குள் இரண்டு மணி நேரமும் பின்னால் போயிருந்தது. திங்களன்று மாலை ஒரு கிழவர் சான்றிதழில் அச்சான நேரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "நான் வீட்ட விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே குடுத்துட்டீங்களா? வேகம்தான்" என்று கூடமே கேட்கச் சொன்னார். அடுத்தடுத்துப் புகார்கள் வந்தன.

சோதித்து ஒப்புதல் பெற்ற அமைப்பில் எதையும் தொடக்கூடாது என்று விதி. முனேகாதா ஒரு நாள் யோசித்தார். "ஒரே கூடத்துல ரெண்டு கடிகாரம் இருந்தாத்தானே குழப்பம்?" என்றார்.

ஆகவே புதன்கிழமை நண்பகலுக்குச் சற்று முன் நோசுயே ஏணியோடு வந்தான். கழுத்தட்டை பழையதுதான். நேரடி நியமனம் அடுத்த அரையாண்டில் பார்க்கலாம் என்று ஆகியிருந்தது. அவனுடைய கணக்கின் தரத்தைப் பற்றி மேலே சில கேள்விகள் இருக்கின்றனவாம்.

கடிகாரம் பெரியது, நகராட்சியின் ஐம்பதாம் ஆண்டுக்கு யாரோ அன்பளித்தது. ஏணியின் நான்கு காலில் ஒன்று தரையைத் தொடவில்லை. நான்காவது படியில் அது ஒருபக்கம் சாய்ந்தது. அவன் சுவரைப் பிடித்தான். பிறகு ஏணி அசையாமல் நின்றது.

"ஏறுங்க. பிடிச்சிக்கிட்டேன்."

கீழே சாம்பல் கோட்டுப் போட்ட தோள்கள். உச்சிகோஷி. காலடியில் கட்டிய துணிமூட்டையும் ஒரு சக்கரப் பெட்டியும். இரண்டு கையாலும் ஏணியைப் பற்றியிருந்தார். வலக்கைப் பெருவிரலுக்கு அடியில் வரிசைச் சீட்டு செருகியிருந்தது. 214.

"ஊர் மாறுற சீட்டு வாங்க வந்தேன்" என்றார் மேலே பார்க்காமல். "எட்டரைக்கு வந்தேன். என்ன நோசுயே சான், மணி ஓடலையா?"

"ஓடுது. அங்க... வேற இடத்துல மாட்டப்போறோம்."

"பாத்து. கனமா இருக்கும்."

அவன் ஆணியிலிருந்து கடிகாரத்தைத் தூக்கினான். இரண்டு கையும் அதற்கே போய்விட்டன. கூடத்தைப் பார்க்கத் திரும்பி, முதுகை ஏணியில் சாய்த்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் கூடத்தின் மறுகோடியில் எண்பலகை மாறியது. 214. மணிச்சத்தம் கூட்டத்தின் இரைச்சலில் முங்கிப்போனது. உச்சிகோஷியின் முதுகு பலகைப் பக்கம் இருந்தது.

சொன்னால் அவர் கையை விடுவார். ஏணி சாயும்.

நோசுயே வாயைத் திறந்தான். ஒரு படி இறங்கினான். இன்னொரு படி. கடிகாரத்தின் விளிம்பு தாடையில் இடித்தது. 215 என்று மாறியபோது அவனுடைய ஒரு கால் தரையில் இருந்தது.

உச்சிகோஷி கையை எடுத்து, ஏணியின் துருவைக் கோட்டில் துடைத்துக்கொண்டு திரும்பினார். பலகையைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். பிறகு, நோசுயே பலகை இருந்த திசைக்கே முகம் வைத்து இறங்கி வந்ததையும் பார்த்தார்.

சீட்டை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, மூட்டையைத் தூக்கி, புதுச் சீட்டு எடுக்கும் வரிசையின் கடைசியில் போய் நின்றார். வலக்கை கோட்டுப் பைக்குள் போனது. உள்ளே எதையோ அமுக்கியது துணிக்கு மேலாகத் தெரிந்தது.

வெளியே நண்பகல் மெட்டு ஒலித்தது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பழக்கத்தில் சுவரை நிமிர்ந்து பார்த்தார்கள். அங்கே வெளிறிய வட்டம் ஒன்று இருந்தது. பார்வைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, அதற்கு நேர் அடியில் நின்றவன்மேல் வந்து தங்கின. நோசுயே கடிகாரத்தின் முகத்தை மார்போடு திருப்பி அணைத்துக்கொண்டு நின்றான். நொடிமுள் சட்டை வழியாகத் தட்டிக்கொண்டிருந்தது.